சத்தமில்லாத பெட்டி

ஜூன் 10, திங்கள். பாளையங்கோட்டை

கோமதிக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு மதியம் கரண்ட் போனது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாக நின்றது. தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "எப்பா, ஃபேன் சத்தம் போட்டுச்சுன்னு அது நின்ன பொறவுதான தெரியுது, ஏன்?" என்று கேட்டாள். என் மடியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு இருந்தது. "நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். அந்த நாளை இருபத்துமூன்று வருஷமாக வரவில்லை. இயற்பியல் வாத்தியார் மகளுக்கு வாய்த்த கதி.

இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம், கோயம்புத்தூரிலிருந்து அவள் செய்த போன். கல்யாணமாகி மூன்று வருஷமாகச் சிங்காநல்லூரில் இருக்கிறாள். குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் வீட்டிலிருந்தே இசை அமைக்கிறாள். இப்போதுதான் முதல் பெரிய வேலை வந்திருக்கிறது: எட்டுப் பாகத் தொடர் ஒன்றுக்குப் பின்னணி இசை.

"எப்பா, என் கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரன் கணக்கா மூச்சு வாங்குது. மைக்கைத் தொறந்தா மொதல்ல அது இரைச்சல்தான் விழுது. போன தடவை அனுப்புன மாதிரிப் பதிவை டைரக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. பின்னால ஏதோ மெஷின் ஓடுதுங்காரு. சத்தமே இல்லாத ஒண்ணு புதுசா சேத்துத் தாங்களேன். நீங்கதான ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்பு பூராவும் ஒங்க கையால சேத்திய?"

புல்லாங்குழல் வாசிக்கிறவர் ஜூலை எட்டாம் தேதி ஒரு நாள்தான் வருவாராம். மறுநாள் வெளிநாடு போகிறார். அன்றும் இரைச்சல் விழுந்தால் தொடர் வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

"நீங்கதான" என்றாள். வேறு யாரையும் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் பிரமு, "தன்னால சிரிச்சிட்டு இருக்கிய, என்ன விஷயம்?" என்றாள். வீட்டுக்காரியிடம் எதையும் மறைக்க முடியாது. முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

ஜூன் 11, செவ்வாய்

புது நோட்டு ஒன்று எடுத்து முதல் பக்கத்தில் "கோமதி: அமைதி" என்று தலைப்பிட்டேன். முடிவு செய்தவை:

கம்ப்யூட்டர் சத்தம் போடுவது சூடாவதால். சூட்டை வெளியேற்ற விசிறி சுற்றுகிறது. சின்ன விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், பெரிய விசிறி மெல்லச் சுற்றினால் போதும். கோயில் பிரகாரத்தை உயரமான ஆள் நிதானமாகச் சுற்றி வரும் நேரத்தில், கூடவே வரும் பிள்ளை தடதடவென்று ஓடித்தான் ஈடு கொடுக்கும். எந்தக் காலடி கேட்கும்? ஆகவே பெட்டியில் பெரிய விசிறிகள் இரண்டு போதும்.

பழைய சுழலும் டிஸ்க் வேண்டாம். சுழல்வது எதுவும் முனகும். சிப்பில் எழுதும் டிஸ்க்குகள்தான்.

தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். இசைக்கு அது எதற்கு? கச்சேரிக்குப் பந்தல்காரனை மேடையில் ஏற்றி உட்கார வைத்த மாதிரி.

பவர் சப்ளை: மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. தேவையைப் போல இரண்டு மடங்கு திறன். ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸில் இருபது பேர் ஏறினால் மேட்டில் முக்காது. பாதிச் சுமை வரை அதன் விசிறி சுற்றவே சுற்றாத வகை ஒன்று இருக்கிறது. அது.

மெமரி நிறைய. நூறு வாத்தியங்களின் ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். சின்ன மேசையில் நூறு நோட்டுத் திருத்த முடியுமா?

எட்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

பிரமுவுக்கு லேசான காய்ச்சல். புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர் அளந்து முடித்ததும் பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான சார் அடிக்கு" என்கிறான். என்னிடம் படித்தவன். வாத்தியாரையே ஏமாற்றுகிறான். வேறு ஒன்று மாற்றித் தந்தான். அதுவும் ஊமை.

ஜூன் 15, சனி

கோமதியிடம் பட்டியலை வாசித்தேன். எல்லாவற்றுக்கும் "ம்", "ம்" என்றாள். கடைசியில், "எப்பா, மாமா வேற ஒண்ணு சொன்னாங்க" என்றாள்.

மாமா என்பது என் சம்பந்தி நஞ்சப்பன். மருமகனின் அப்பா. நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் அருள் பம்ப் கம்பெனி வேலையாக மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஆகவே வீட்டில் பகல் பூராவும் இருப்பது இவரும் கோமதியும்தான்.

அவர் சொன்னது இது: பெட்டி எப்படி இருந்தாலும் சத்தம் போடத்தான் செய்யும். அதை அறைக்கு வெளியே, துணி துவைக்கும் பால்கனியில் வைத்துவிடலாம். சுவரில் ஓட்டை போட்டு வயரை மட்டும் உள்ளே விடலாம். மில்லில் கம்ப்ரசரை அப்படித்தான் வைப்பார்களாம்.

நான் பொறுமையாக விளக்கினேன். "வகுப்பில ஒரு பய சத்தம் போட்டா வெளிய நிறுத்துதது ஒரு வழி. அவன் ஏன் சத்தம் போடுதான்னு பாக்கது இன்னொரு வழி. நல்ல வாத்தியார் எதைச் செய்வாரு?"

"சரிங்" என்றாள்.

சரிங்! பாளையங்கோட்டையில் பிறந்து, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு ஃபிட்டருக்கு ஒலியைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் 19, புதன்

போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் திரும்பி, "அப்பா, காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். மூன்று வருஷமாக மாமாவாக இருந்தவர் எப்போது அப்பாவானார் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கு "எப்பா", அவருக்கு "அப்பா". வித்தியாசம் இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொன்னாள். எந்த இசை முடித்தாலும் முதலில் கேட்பது அவர்தானாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிவரை அசையாமல் கேட்பாராம். "அவங்க மொகத்தைப் பாத்தே எது சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சிரும்ப்பா."

அந்த மனிதர் இந்த மூன்று வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடப் போனில் பேசியதில்லை. வணக்கம் என்று கத்துவார், உடனே கோமதி கையில் கொடுத்துவிடுவார். நேரில் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார், என் பல்செட்டை எண்ணுகிற மாதிரி.

பிரமுவிடம் சொன்னேன். "ஒங்களுக்கு வயித்தெரிச்சல்" என்றாள்.

பொறாமை இல்லை. அக்கறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 22, சனி

ஜங்ஷனில் பீர் மைதீன் கடைக்குப் போனேன். பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கிய காலத்திலிருந்து பழக்கம். பவர் சப்ளை தவிர எல்லாம் பட்டியல்படி எடுத்தாயிற்று. கோமதி இரண்டு பவர் சப்ளையின் பெயர் அனுப்பியிருந்தாள். ஒன்று நான் தேர்ந்தெடுத்தது. மற்றது நஞ்சப்பன் தன் மில் எலக்ட்ரீஷியன் யாரிடமோ விசாரித்துச் சொன்னது.

பீர் மைதீன் என்னுடையதைக் கையில் எடுத்து யோசித்தார். "சார், இந்த மாடல்ல சில பீஸ் விசில் அடிக்கும். விசிறி இல்ல, உள்ள இருக்க காயில், அந்தக் கம்பிச்சுருள். எல்லாம் இல்ல, சிலது. பாட்டு வேலைக்குன்னா அந்த இன்னொண்ணையே எடுத்துக்கிடுங்களேன்."

நான் எதையும் சோதிக்காமல் ஏற்பவன் அல்ல. மாட்டி ஓட விடச் சொன்னேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ஏசியை நிறுத்தி, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்து ஐந்து நிமிஷம் கேட்டேன். ஒன்றுமே இல்லை. பாழுங்கிணற்றின் அமைதி. கடையில் வேலை செய்யும் பெண் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். ஏசி நின்றதால் வெக்கை.

என்னுடையதையே எடுத்தேன். கோமதிக்குப் போன் செய்து, "ரெண்டையும் கேட்டுப் பாத்தாச்சு, இதுதான் நல்லது" என்றேன். இரண்டாவதைக் கேட்கவில்லைதான். தேவைப்படவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

சாயங்காலம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் இருட்டினால் கத்தும் சுவர்க்கோழிப் பூச்சிகளே இல்லை. கார்ப்பரேஷன்காரர்கள் மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள். பிரமு, "என்ன சொல்லுதிய, காதைத் துளைக்கே" என்றாள். அவளுக்கு எதிலும் மாற்றுக் கருத்து வேண்டும்.

ஜூலை 1, திங்கள். கோயம்புத்தூர்

பெட்டியை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பிரமு கையில் அல்வாவும் முறுக்கும். அருள் வெளியூர் போயிருந்ததால் ஸ்டேஷனுக்கு நஞ்சப்பன் வந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி! வாங்கம்மா! பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" மூன்றாவது பிளாட்பாரத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

கோமதியின் அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. மேசைக்கு முன் அவள் நாற்காலி. அதை ஒட்டி இன்னொரு நாற்காலி, பூப்போட்ட தலையணையோடு. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து அதில் உட்கார்ந்தார். மேசை மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார், தன் சொத்து மாதிரி.

எனக்குச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது.

ஜூலை 3, புதன்

இன்று சேர்ப்பு வேலை. நான் ஒவ்வொரு திருகாகக் கேட்க, நஞ்சப்பன் எடுத்துக் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்பே சரியான திருகை நீட்டினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். விரல்கள் நல்ல விரல்கள். விசிறி மாட்டும்போது, "சம்பந்தி, ரப்பர் வாசர் போட்டுக்கலாமுங்க, இல்லீன்னா தகடு அதிரும்" என்றார். அது என் நோட்டிலும் இருந்தது. ஆனால் கோமதி முன்னால் அவர்தான் முதலில் சொன்னார்.

"மாமாவுக்கு மெஷின்னா உசுரு" என்றாள் கோமதி.

எனக்கு என்ன, பூசணிக்காயா?

அவர் மறுபடியும் ஓட்டைப் பேச்சை எடுத்தார். "பால்கனிப் பக்கம் போட்டுட்டா கவலையே இல்லீங்க. டிரில்லிங் மிசின் நம்மகிட்டயே இருக்குதுங்க."

"சம்பந்தி, இது விசிறிச் சத்தமே இல்லாத பெட்டி. வெளிய வைக்க என்ன இருக்கு?" என்றேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. பிரமு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 4, வியாழன்

காலை பத்தே காலுக்கு ஆன் செய்தோம். விளக்கு எரிந்தது. நான் காதை வைத்தேன். நஞ்சப்பன் காதை வைத்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றுமே இல்லை. என் முப்பத்துமூன்று வருஷ வாத்தியார் வாழ்க்கையில் இப்படி ஒரு சுத்தமான செய்முறை அமைந்ததில்லை. "கோமு! வா!" என்று கூப்பிட்டேன்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். "எப்பா… என்ன அது? கீச்சுனு ஒண்ணு. ஊசியால குத்துத மாதிரி."

"ஒண்ணும் இல்லம்மா. பழைய மெஷின் இரைச்சல் ஒன் காதுல தங்கியிருக்கும்."

"இல்லப்பா, கேக்கு." மைக்கைத் திறந்தாள். மைக்கில் விழும் சத்தத்தைப் படமாகக் காட்டும் திரையில், மேலே ஒரு மெல்லிய கோடு, தலைவகிடு மாதிரி நேராகப் போனது. அதைக் காட்டினாள். திரையில் தூசிகூடக் கோடாகத் தெரியும் என்றேன்.

அப்போது நஞ்சப்பன் சொன்னார்: "ஆமாங்க சம்பந்தி, அம்மணி சொல்றது சரிதானுங்க. லேசாக் கேக்குது."

ஒரு நிமிஷத்துக்கு முன் என் கூடவே காதை வைத்தவர்! அவளுக்கு நல்லவராக இருப்பதற்காக மனிதர் எதையும் சொல்வார்.

கோமதி மைக்கை அணைத்தாள். குழல்காரருக்குப் போன் செய்து, திங்கட்கிழமைக்குப் பதிலாக வேறு நாள் உண்டா என்று கேட்டாள். இல்லை.

ஜூலை 5, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

காலையில் வயர்களை மாற்றி மாட்டினேன். பவர் சப்ளையைச் சுற்றித் தடித்த துணி கொடுத்துப் பார்த்தேன். பதினொரு மணிக்குக் கோமதி மேசைக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நானும் நஞ்சப்பனும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் மண்டி போட்டுக் காதை வைத்தோம். பிரமு வெற்றிலை மடித்துக்கொண்டு வாசல்படியில் இருந்தாள்.

நேற்று அவர் கேட்கிறது என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியது என் மனதில் இருந்தது. இன்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாம்மா, கேக்கு. ஆனா நேத்தைக்கு இப்பம் பாதிதான். துணி வேலை செய்யுது."

"பாதின்னு சொல்ல முடியாதுங்க," என்றார் நஞ்சப்பன், கண்ணை மூடிக்கொண்டு. "முக்காவாசி இருக்குதுங்க."

"பாதி."

"முக்காலுங்க."

கோமதி நிமிர்ந்தாள். அவள் கையில் பெட்டியின் பிளக் இருந்தது. வயர் தரையில் கிடந்தது.

"இன்னும் சொருகவே இல்லப்பா" என்றாள்.

பிரமுவுக்குச் சிரிப்பு வந்து, வெற்றிலை புரையேறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கோமதி சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் மண்டி போட்டபடியே இருந்தோம்.

முதலில் நஞ்சப்பன்தான் பேசினார். அதிசயமாக, மெல்லப் பேசினார். "முப்பத்தாறு வருசம் ஸ்பின்னிங்ல நின்னனுங்க சம்பந்தி. அந்தச் சத்தத்துல ஒருத்தரு வாயை ஒருத்தரு பாத்துத்தான் பேசிக்குவோம். காது போயி ரொம்ப வருசமாச்சு. போன்ல வாய் தெரியாதுங்களே, அதான் உங்ககிட்டப் பேசறதில்ல. அம்மணி பாட்டுப் போட்டா மேசை மேல கைய வெச்சுக்குவனுங்க. அதிர்றது தெரியும். நல்லாருக்கும்."

பிறகு கோமதியிடம், "உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன் கண்ணு" என்றார்.

"தெரியும் அப்பா," என்றாள் கோமதி. "வந்த மொத மாசமே தெரியும். அதான் ஒங்களுக்குப் போடும்போது மட்டும் அடி சத்தத்தைத் தூக்கி வைப்பேன். மேசை நல்லா அதிரட்டும்னு."

எல்லோரும் நெகிழ்ந்துபோன அந்த இடத்தில் எனக்கு வந்த நினைப்பு இது: அவருக்காகத் தூக்கி வைத்திருக்கிறாள். எனக்காக எதைத் தூக்கி வைத்தாள்?

நல்ல நினைப்பு இல்லை. ஆனால் அதுதான் வந்தது. பிரமு சொன்ன சொல்லே சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கக் கிளம்பியவன் நான்.

அதே நாள், மாலை

தெர்மாமீட்டர். மருந்துக்கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சுவர்க்கோழிகளும் உயிரோடுதான் இருக்கின்றன. கீச்சென்ற சத்தங்கள்தான் என் காதுக்கு எட்டுவதில்லை.

நாலு மணிக்குக் கோமதி துணி எடுக்கப் பால்கனிக்குப் போனபோது பின்னாலேயே போனேன். பீர் மைதீன் எச்சரித்ததைச் சொன்னேன். இரண்டாவது பவர் சப்ளையைக் கேட்டே பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

கொடியிலிருந்த துண்டை நான் எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"அது மாமா சொன்னதுங்கதாலயா?"

"ஆமா" என்றேன்.

அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கு நேரம் அதிகம் எடுத்துக்கொண்டாள். "இனி அதை வரவழைக்க நேரமில்ல, ரெண்டே நாள்தான் இருக்குப்பா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே வந்து, பூத்தலையணை நாற்காலிக்கு எதிரில் போய் நின்று, அவர் என் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். "சம்பந்தி, நீங்க சொன்ன மாதிரியே வெளிய வச்சிருவோம். டிரில்லிங் மிஷின் எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில எடுத்து வெச்சிருக்கனுங்க," என்றார். "துளைக்கற பிட்டுகூட மாட்டியாச்சு." எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 6, சனி

ஒன்பதங்குலச் சுவர். அவர் துளைத்தார். நான் தூசி பறக்காமல் ஈரத்துணி பிடித்தேன். ஓட்டையை நேராகப் போடாமல் வெளிப்பக்கம் சற்றே சரிவாகப் போட்டார், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. எனக்குத் தோன்றியிருக்காது. கீபோர்டு, மைக், திரை எல்லாவற்றின் வயரும் உள்ளே வந்தன. மிச்ச இடைவெளியில் பஞ்சு அடைத்தோம். பால்கனியில் பெட்டிக்கு மரச்சட்டமும் தூசி வடிகட்டும் மில் துணியும் அவர் கைவேலை. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் சாக்பீஸால் சட்டத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். அது என் பங்கு.

பிரமு, "ரெண்டு பேரும் கல்யாண வீட்டுச் சமையக்காரனுவ மாதிரி சண்டை போட்டுட்டு, இப்பம் ஒரே இலையில சாப்பிடுதிய" என்றாள்.

கோமதி மைக்கைத் திறந்தாள். திரையில் அந்தக் கோடு இல்லை. எனக்குக் கேட்கவில்லை என்பதை வைத்து நான் எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 8, திங்கள்

குழல்காரர் ஒன்பது மணிக்கு வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஒரு மணிவரை பதிவு. வீட்டில் மிக்ஸி, குக்கர், ஃபேன் எதுவும் ஓடவில்லை. மதியம் எல்லோருக்கும் தயிர்சாதம்.

அவர் போன பிறகு கோமதி எங்களைக் கூப்பிட்டாள். ஸ்டூல் இல்லை. அவளுடைய நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு நின்றாள். நஞ்சப்பன் தன் இடத்தில் உட்கார்ந்து கையை விரித்தார். என் கையையும் பிடித்து மேசை மேல் வைத்தார். "இங்க வெய்யுங்க சம்பந்தி. மூலையில வேண்டாம், நடுவுல."

அடிச் சத்தம் உள்ளங்கையில் வந்தது, ரயில் இன்னும் தெரியாத தூரத்தில் வரும்போது தண்டவாளத்தில் கை வைத்த மாதிரி. அதன் மேல் குழல். எனக்கு இசை தெரியாது. நன்றாக இருந்தது.

"எப்பா, அவர் மூச்செடுக்கது கூட விழுந்திருக்கு பாத்தியளா? அதுதான் இதுலயே அழகு. கேக்கா?"

வாய்வரை வந்தது, ஆமாம் என்று. நஞ்சப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றேன். "எனக்குக் கேக்கல."

அவள் திரையில் ஏதோ ஒன்றை விரலளவு மேலே தள்ளினாள். அந்த இடத்தை மறுபடி ஓட விட்டாள். "இப்பம்?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம். "இப்பம்?"

"இல்லம்மா."

இன்னும். அவளே முகத்தைச் சுளித்தாள், அவளுக்கு அது ரொம்ப அதிகம் போலிருக்கிறது. "இப்பம்?"

பருத்தித் துணியைக் கிழிக்கிற மாதிரி, மிக மெல்லியதாக, யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"ம்" என்றேன். "இப்பம் கேக்கு."

அவள் அதை அப்படியே சேமித்து, கோப்புக்குப் பெயர் அடித்தாள்: "எப்பாவுக்கு."

நஞ்சப்பன் எட்டிப் படித்தார். "ஏனுங் அம்மணி, எனக்கு அடியில மட்டுந்தான் தூக்கி வெச்சீங்க. பேரெல்லாம் வெக்கலீங்களே. இருக்கட்டும், இருக்கட்டும். பெத்த அப்பனுக்குன்னா மேலதான் ஏத்துவீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து அவருக்கு நானே காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே முழுவதும் எழுதுவது மரியாதை இல்லை.

ஜூலை 12, வெள்ளி. பாளையங்கோட்டை

டைரக்டர் ஏற்றுக்கொண்டார். ஏழு பாகம் பாக்கி.

காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அந்தப் பவர் சப்ளை இன்னும் பால்கனியில் விசிலடித்துக்கொண்டு இருக்கிறதாம். அங்கே வரும் அணில் ஒன்று அதைக் கேட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறதாம். நஞ்சப்பன் சொல்லச் சொன்னாராம்.

போனை வைக்கும் முன் கோமதியிடம், இருபத்துமூன்று வருஷத்துக்கு முன் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். மாறாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரம்தான் கணக்கில் எடுக்கும். பிறகு மனம் அதை ஓரத்தில் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கும். மாற்றம் வந்தால்தான் மறுபடி திரும்பும். அதனால்தான் ஃபேன் நின்றதும் அது ஓடியது தெரிகிறது.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளாப்பா?" என்றாள்.

"ஃபேன் இப்பந்தான நின்னுச்சு" என்றேன்.

இந்த நோட்டு என்றைக்காவது யார் கையிலாவது கிடைத்தால், அவருக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு மதியம் ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள இன்னொருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, காதில் விழுவதையெல்லாம் ஆளுக்கொரு தாளில் எழுதி, இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.